நிலநடுக்கத்துக்குப் பிறகு முக்திநாத் போகலாமா?

நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 64. ஆறு பக்கக் கடிதம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவரும் கணவரும் 2015 மே மாதம் நேபாள மலையில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குப் போவதாக இருந்தார்கள். ரயில் டிக்கெட் எடுத்து, கம்பளிக் குல்லா வரை வாங்கி வைத்தாகிவிட்டது. புறப்பட 17 நாள் இருக்கும்போது நேபாளத்தில் அந்தப் பெரிய நிலநடுக்கம் வந்து பயணம் நின்றது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போய், 2021-ல் கணவர் காலமாகிவிட்டார். சாளக்கிராமப் பெருமாளைச் சேவிக்காமலே போய்விட்டாரே என்ற குறை இவருக்கு இன்னும் ஆறவில்லை. வரும் ஏப்ரலில் ஒரு யாத்திரைக் குழுவோடு போக முன்பணம் கட்டிவிட்டார்.

கட்டிய ஒரு வாரத்தில், 2025 ஜனவரி 7 அன்று மறுபடியும் அதிர்வு. டிவியில் காட்மாண்டு மக்கள் தெருவில் நிற்பதைப் பார்த்த மகன், "நிலநடுக்க பூமிக்கு உன்னை அனுப்ப மாட்டேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். யாத்திரை ஏற்பாடு செய்பவரோ, "பெரிசு 2015-லேயே வந்து போயிடுச்சும்மா, இனிமே நூறு வருஷத்துக்குப் பயமில்லை" என்கிறார். யாரை நம்புவது என்று இவருக்குத் தெரியவில்லை. 2004 டிசம்பர் 26-ஐக் கண்ணால் பார்த்தவர் இவர். ஜனவரியில் அந்த வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து ராத்திரியில் கட்டில் ஆடுவதுபோல இருக்கிறதாம். யாரோ சொன்னார்கள் என்று ஒரு தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொண்டு படுக்கிறார். சர்க்கரை 9 வருஷமாக, ரத்த அழுத்தம் 12 வருஷமாக இருக்கிறது. மெட்பார்மின், கிளிமிபிரைடு, அட்டெனலால் சாப்பிடுகிறார். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: "அத்தனை பேர் செத்துப்போன இடத்துக்கு நான் புண்ணியம் தேடிப் போவது சரியா டாக்டர்?"

அம்மா,

போகலாம். ஏப்ரலிலேயே போக முடியுமா என்பதை உங்கள் பரிசோதனை முடிவுகள் சொல்லும். அதை நிலநடுக்கத்திடம் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் ஐந்து பக்கம் நிலநடுக்கம், நாலே வரி மாத்திரைகள். படித்துக்கொண்டே வந்த நான் நின்றது அந்த நாலு வரியில்தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களையும் மகனையும் தூங்கவிடாமல் செய்வதைப் பார்த்துவிடுவோம்.

எங்கே ஆடியது, நீங்கள் எங்கே போகிறீர்கள்

மகனை உட்கார வைத்து ஒரு வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 7 அன்று அதிர்வின் மையம் நேபாளத்திலேயே இல்லை. எவரெஸ்டுக்கு வடக்கே, திபெத்தின் டிங்ரி பகுதியில் இருந்தது. அமெரிக்கக் கணக்கில் 7.1, சீனக் கணக்கில் 6.8. இறந்த 126 பேரும் திபெத் பக்கத்தவர்கள். காட்மாண்டில் வீடுகள் ஆடின, ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள், அதைத்தான் நீங்கள் டிவியில் பார்த்தீர்கள். அந்த மையத்திலிருந்து முக்திநாத் நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து பெங்களூரு எவ்வளவு தூரமோ அவ்வளவு. "நேபாளம்" என்று ஒரு சொல் காதில் விழுந்ததும் நாம் அந்த நாட்டையே ஒரு தெருவாகச் சுருக்கிவிடுகிறோம்.

சரி, 2015-க்கு வருவோம். அன்று ஏப்ரல் 25, சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு அடிக்க நாலு நிமிஷம். கோர்க்கா மாவட்டத்தில் பார்பாக் என்ற ஊருக்குப் பக்கத்தில் 7.8 அளவில் ஆடியது. கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். மே 12-ல் கிழக்கே 7.3 அளவில் இன்னொன்று வந்தது. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான். பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்தன. இல்லையென்றால் கணக்கு இன்னும் கொடூரமாக இருந்திருக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பார்பாக்கிலிருந்து காட்மாண்டு சுமார் 80 கிலோமீட்டர், போக்ரா சுமார் 70. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். ஆனால் காட்மாண்டில் தரஹரா கோபுரம் தரைமட்டமானது, காஷ்டமண்டபம் விழுந்தது. போக்ராவிலோ பெரிய சேதமே இல்லை. பழைய வேட்டியைப் பிடித்துக் கிழித்தால் கிழிசல் ஒரு பக்கமாக ஓடும் இல்லையா, அந்த மாதிரி பூமிக்குள் பிளவு பார்பாக்கில் தொடங்கிக் கிழக்கு நோக்கியே ஓடியது. காட்மாண்டு அந்த ஓட்டத்தின் பாதையில் இருந்தது. போதாக்குறைக்கு அந்த நகரம் உட்கார்ந்திருப்பது ஒரு காலத்தில் ஏரியாக இருந்த வண்டல் மண்ணின் மேல். போக்ராவும் அதற்கு வடக்கே இருக்கும் முக்திநாத்தும் மறுபக்கம். அந்த வருஷமே பொறியாளர்கள் அன்னபூர்ணா மலைப் பாதைகளை நடந்து பார்த்துவிட்டு, சேதம் சொற்பம் என்றார்கள்.

யாரும் கேட்கவில்லை. 2014-ல் நேபாளம் போன வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 7,90,000 பேர். 2015-ல் அது சுமார் 5,39,000 ஆனது. ஒரு கல்கூட விழாத ஊர்களிலும் விடுதிகள் காலியாகக் கிடந்தன. நீங்களும் உங்கள் கணவரும் அந்தக் குறைந்த கணக்கில் இரண்டு பேர். அன்று நீங்கள் நின்றது சரிதான். நீங்கள் புறப்பட வேண்டிய அதே மே 12 அன்றுதான் அந்த இரண்டாவது அதிர்வு வந்தது, உதவிக்கு வந்தவர்களுக்கே அங்கே படுக்க இடமில்லாத நேரம் அது. ஆனால் 2016-ல், 2017-ல் போயிருக்கலாம். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இப்போது மறுபடியும் "அடுத்த வருஷம்" என்ற பேச்சு வீட்டில் தொடங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

நூறு வருஷ உத்தரவாதம்

உங்கள் யாத்திரை ஏற்பாட்டாளர் சொன்னதை நம்பாதீர்கள். நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம், ஆனால் தப்பு. இந்தியத் தட்டு இமயத்துக்கு அடியில் வருஷத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் புகுந்துகொண்டே இருக்கிறது. 2015-ல் கிழிந்தது அந்த நீளமான மடிப்பில் ஒரு துண்டு. மேற்கு நேபாளப் பக்கம் 1505-க்குப் பிறகு அந்த அளவுக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை என்பதுதான் விஞ்ஞானிகளின் கவலையே. 2023 நவம்பர் 3 ராத்திரி ஜாஜர்கோட்டில் வந்தது 2015-ஐவிடப் பல மடங்கு சின்னது. அதற்கே 150-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆக, "இனி வராது" என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. இந்த விஷயத்தில் உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நீங்கள் அங்கே குடியேறப் போவதில்லை, இருக்கப்போவது ஒன்பது நாள். ஒரு பெரிய அதிர்வு சரியாக அந்த ஒன்பது நாளில், சரியாக நீங்கள் இருக்கும் ஊரில் வருவதற்கான வாய்ப்பு மிகச் சிறியது. அந்தச் சிறிய வாய்ப்பையும் குறைக்க ஒரு வழி இருக்கிறது. 2015-ல் ஏறக்குறைய ஐந்து லட்சம் வீடுகள் முழுதாக இடிந்தன. பெரும்பாலும் கல்லை மண் சாந்தால் ஒட்டிக் கட்டியவை. ஆட்களைக் கொன்றது அந்தச் சுவர்கள்தான். அதனால் ஏற்பாட்டாளரிடம் "சாப்பாடு என்ன" என்று கேட்பதற்கு முன்னால் "தங்குமிடம் எது, எந்த வருஷம் கட்டியது" என்று கேளுங்கள். காட்மாண்டின் பழைய சந்துகளில் இருக்கும் செங்கல் கட்டிடம் வேண்டாம். 2015-க்குப் பிறகு தூண் எழுப்பிக் கட்டிய விடுதியில் கீழ்த்தள அறை கேளுங்கள், முழங்காலுக்கும் நல்லது. படுக்கும்போது கண்ணாடி, செருப்பு, டார்ச் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆடினால் படிக்கட்டைப் பார்த்து ஓடாதீர்கள். மேசைக்கு அடியில் புகுந்து தலையை மூடிக்கொள்ளுங்கள், நின்ற பிறகு வெளியே வாருங்கள். நிலநடுக்கத்துக்காக நீங்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான், செய்துவிட்டு மறந்துவிடுங்கள்.

துக்க வீட்டுக்குப் போவது

உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னைவிட உங்களுக்கே நன்றாகப் பதில் தெரியும் அம்மா. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது? கடல் பிணத்தைத் தின்றது என்று சொல்லி ஜனங்கள் மீன் வாங்குவதையே நிறுத்தினார்கள். படகு போனவர்களுக்குப் படகு போன துக்கம். படகு தப்பியவர்களுக்குப் பிடித்த மீனை விற்க முடியாத துக்கம். வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி விற்றவர், லாட்ஜில் வேலை பார்த்தவர், பேருந்து நிலையத்தில் டீ ஆற்றியவர், எல்லாருக்கும் யாராவது வரமாட்டார்களா என்றுதான் இருந்தது. அன்று அங்கே வந்து இறங்கிய முதல் யாத்ரீகரைப் பார்த்து, சாவு விழுந்த ஊருக்கு ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டார்களா?

2016-ல் ஒரு யாத்திரைக் குழுவுக்கு மருத்துவராக நான் அதே பாதையில் போனேன். காட்மாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பக்தாபூரில் பல கோயில் சுவர்களுக்கு இன்னும் மரச் சட்டம் முட்டுக் கொடுத்து நின்றது. நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். அந்தப் பணம் அந்தக் கோயில்களைப் பராமரிக்கத்தான் போகிறது. காட்மாண்டு பள்ளத்தாக்கின் அரண்மனைச் சதுக்கங்களை அவர்கள் பயணிகளுக்குத் திறந்துவிட்டது 2015 ஜூன் 15-ல். இரண்டு மாசம்கூட ஆகவில்லை. அத்தனை அவசரம் எதற்கு என்று எனக்கு முதலில் தோன்றியது. போக்ரா ஏரிக்கரையில் நாங்கள் தங்கிய விடுதியில் முப்பது அறைகளில் எங்களுடையதைத் தவிர மற்றவை எல்லாம் பூட்டிக் கிடந்ததைப் பார்த்தபோது புரிந்தது. தரஹரா 2021-ல் மறுபடி எழுந்துவிட்டது. உங்கள் பயணத் திட்டத்தில் இருக்கும் மனகாமனா கோயில் அதே கோர்க்கா மாவட்டத்தில்தான் இருக்கிறது. சேதமான அதையும் சரிசெய்துவிட்டார்கள். 2018-லேயே வருகிறவர்கள் கணக்கு 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இடிந்த சுவர் முன்னால் நின்று சிரித்துப் படம் எடுக்காமல் இருந்தால் போதும். தேங்காயோ, தேநீரோ, ஒரு கம்பளிச் சால்வையோ அங்கிருக்கும் சின்னக் கடையில் வாங்குங்கள்.

நிஜமாகவே பயப்பட வேண்டியவை

இப்போது அந்த நாலு வரி.

முக்திநாத் கோயில் கடல் மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கும் மேலே. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நாகப்பட்டினத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. போக்ரா சுமார் 800 மீட்டர். அங்கிருந்து சின்ன விமானத்தில் இருபது நிமிஷத்தில் ஜோம்சோம், 2,700 மீட்டர். இறங்கிய கையோடு ஜீப்பில் இன்னொரு ஆயிரம் மீட்டர். காலையில் கடலோரத்து உடம்பு, மதியத்தில் மலை உச்சி. உடம்புக்குப் பழகிக்கொள்ள நேரமே கிடையாது. விமானம் வேறு காலையில்தான் பறக்கும். வெயில் ஏறினால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். அதனால் எல்லாருக்கும் எப்போதும் அவசரம்.

மலை நோய் என்பது பெரும்பாலும் ஏறி ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வரும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், பசியின்மை, தூக்கமின்மை. நம் ஆட்கள் இதற்கெல்லாம் வைத்திருக்கும் ஒரே பெயர் வாயு. 2016-ல் எங்கள் குழுவில் 58 வயதுக்காரர் ஒருவர் கோயிலுக்குக் கீழே ராணிபவ்வாவில் ராத்திரி தங்கினார். தலைவலியை யாரிடமும் சொல்லவில்லை. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். விடிகாலை மூன்றரைக்கு அவருடைய மனைவி என் கதவைத் தட்டினார். மனுஷர் வாந்தி எடுத்துவிட்டு, நேராக நாலடி நடக்க முடியாமல் குடித்தவரைப்போலத் தள்ளாடினார். தள்ளாட்டம் வந்தால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் இருந்த ஊசியைப் போட்டு, ஆக்சிஜன் வைத்து, வெளிச்சம் வருவதற்குள் ஜீப்பில் இறக்கினோம். 1,200 மீட்டரில் இருக்கும் தாதோபானி வந்தபோது காபி கிடைக்குமா என்று கேட்டார். இறங்குவதைப் போன்ற மருந்து இதற்கு வேறு இல்லை. மூன்று மணி நேரம் தாமதித்திருந்தால் இந்தக் கதையை நான் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

இனி உங்கள் மாத்திரைகள்.

தூக்க மாத்திரை: நீங்கள் எழுதிய அந்த மாத்திரை மூச்சை மந்தப்படுத்தும். இங்கே அது பெரிதாகத் தெரியாது. ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த இடத்தில், தூக்கத்தில், அது ஆபத்து. பாருங்கள், நிலநடுக்கப் பயத்துக்காக எடுத்துக்கொள்வது, அந்த நிலநடுக்கத்தைவிட உங்களுக்கு மலையில் கெடுதல் செய்யக்கூடியது. தினமும் சில வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் மேற்பார்வையில் குறைத்து, மார்ச் நடுவுக்குள் நிறுத்திவிடுங்கள்.

அட்டெனலால்: இதயத் துடிப்பை அடக்கி வைக்கும் மருந்து. உயரத்தில் ஆக்சிஜன் குறையும்போது இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். இது அதைத் தடுக்கும். நீங்களாக நிறுத்தினால் அழுத்தம் எகிறும், ஆகவே கை வைக்காதீர்கள். இதற்குப் பதில் வேறொன்று மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். மாற்றினால் புதிய மருந்து உடம்புக்குப் பழக ஐந்தாறு வாரம் கிடைக்கும்.

கிளிமிபிரைடு: சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரையை இறக்கும். பெருமாளைச் சேவிக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மலை ஏறினால் வழியில் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும், பக்கத்தில் இருப்பவர்கள் அதை மலை நோய் என்று நினைப்பார்கள். அன்று காலை இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். உங்கள் கணவர் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

108 தாரை: கோயிலுக்குப் பின்னால் வரிசையாக 108 வாய்களிலிருந்து பனி நீர் கொட்டும். எல்லாரும் ஒன்றுவிடாமல் நனைந்துகொண்டே ஓடுவார்கள், பிறகு முன்னால் இருக்கும் இரண்டு குளங்களிலும் முங்குவார்கள். 64 வயதில், ரத்த அழுத்தத்தோடு, அந்தக் குளிர் தண்ணீர் தலையில் விழும் நொடியில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் குபீரென்று ஏறும். வேண்டாம். ஒரு சொம்பில் ஒவ்வொரு தாரையிலும் கொஞ்சம் பிடித்துத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். நான் சாஸ்திரம் படித்தவனில்லை, ஆனால் வயதானவர்கள் அப்படிச் செய்வதை அங்கே நிறையப் பார்த்தேன், பட்டர் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பயணத் திட்டத்தில் ஒரு மாற்றம் கேளுங்கள். உங்கள் குழு ராணிபவ்வாவில் தங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக முதல் நாள் ஜோம்சோமில் தங்குவது, மறுநாள் காலை ஜீப்பில் மேலே போய்ச் சேவித்துவிட்டு ராத்திரிக்குள் ஜோம்சோமுக்கே இறங்குவது என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்குக் கொஞ்ச தூரம் ஏற்றமும் படியும் உண்டு. குதிரை கிடைக்கும், கௌரவம் பார்க்காதீர்கள். மலை நோயைத் தடுக்க அசிடசோலமைடு என்றொரு மாத்திரை இருக்கிறது. குழுவில் யாராவது மிட்டாய்போல எல்லாருக்கும் கொடுப்பார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஆகாது. உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் மண் சரிந்து இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. ஆகஸ்டில் போக்ராவிலிருந்து காட்மாண்டு போன இந்திய யாத்ரீகர்களின் பேருந்து மர்சியாங்டி ஆற்றுப் பக்கம் உருண்டு 25-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நேபாளத்துக்குப் போகிறவர்கள் கவலைப்பட வேண்டியது இந்தச் சாலைகளைப் பற்றித்தான், நம் வீட்டுப் பேச்சில் அது வருவதே இல்லை. ஏப்ரல் நல்ல மாதம். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய மழை. ஏற்பாட்டாளர் தேதியை ஜூலைக்குத் தள்ளினால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ராத்திரிப் பயணம் கிடையாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆடும் கட்டில்

உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, பயப்படாதீர்கள். 2004-ல் பார்த்ததை மூளை அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. ஜனவரியில் பார்த்த வீடியோ அந்த அறைக் கதவைத் தட்டிவிட்டது. பேரன் கைபேசியில் வரும் அந்த மாதிரி வீடியோக்களைப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். ராத்திரி ஆடுவதுபோல் இருந்தால் எழுந்து விளக்கைப் போட்டு, தம்ளரில் இருக்கும் தண்ணீரைப் பாருங்கள். அது அசையாமல் இருப்பதைக் கண் பார்க்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததை என்னிடம் ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியது பாக்கியிருக்கும்.

மகனிடம்

அவர் பயப்படுவது பூகம்பத்துக்கு மட்டும்தானா? நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பாவைப் பறிகொடுத்தவர். அவரிடம் புள்ளிவிவரம் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். பயணக் காப்பீட்டை அவர் எடுக்கட்டும். அதில் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு சேருமா, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முன்பே இருப்பதை எழுதிக் கொடுத்தாகிவிட்டதா. மூன்றாவதை மறைத்தால் கோரிக்கை வரும்போது கைவிரித்துவிடுவார்கள். எல்லையில் காட்டக் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அட்டையின் அசல் வேண்டும். முடிந்தால் அவரே உங்களோடு வரட்டும். விடுப்பு கிடைக்காது என்று சொன்னால், தினமும் ராத்திரி ஏழு மணிக்கு நீங்கள் பேசுவீர்கள், தலைவலி இருக்கிறதா இல்லையா என்று உள்ளபடி சொல்வீர்கள் என்று வாக்குக் கொடுங்கள். வாயு என்று சொல்லக் கூடாது.

இந்த வாரத்திலேயே இசிஜி, எக்கோ, மூன்று மாதச் சர்க்கரை அளவு, ஹீமோகுளோபின், கிரியேட்டினின் எடுத்துவிடுங்கள். வீட்டில் மாடிப்படி இருக்கிறதா? நிற்காமல் இரண்டு மாடி ஏறிப் பாருங்கள். நெஞ்சு அழுத்தமோ, பேச முடியாத மூச்சிரைப்போ வந்தால் எனக்கு எழுத வேண்டாம், நேரே இதய மருத்துவரிடம் போங்கள். வரவில்லை என்றால் தினமும் 40 நிமிஷம் நடக்கத் தொடங்குங்கள். முடிவுகள் வந்ததும், அட்டெனலால் பற்றி உங்கள் மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குழு புறப்படும் தேதியையும் குறிப்பிடுங்கள்.